ஏழாம் கட்டில் அட்டை

ஆய்வகத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். நேருக்கு நேர் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது, முதுகுக்குப் பின்னால் சொல்லாத ஆளும் கிடையாது. அவளுக்கும் தெரியும். ஒருமுறை தேநீர்க் கடையில் யாரோ, "உடும்புக்கு சர்க்கரை கம்மி, எனக்கு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டிருக்க, பின்னாலேயே நின்றவள், "உடும்புக்கும் ஜாஸ்தியே போடுங்க, இன்னைக்கு வேலை நிறைய" என்றாள். சொன்ன ஆள் ஒரு வாரம் அவள் கண்ணில் படவே இல்லை.

பிடித்தால் விடமாட்டாள், அவ்வளவுதான் விஷயம். பதினாறு வருஷமாக அவள் கையில் வந்துபோவது குழந்தைகளின் ரத்தம். குழந்தை என்றால் பிறந்து இரண்டு மூன்று நாள் ஆன குழந்தை. பிரசவ ஆஸ்பத்திரியில் அதன் குதிகாலில் குத்தி, தடித்த காகித அட்டையில் நான்கு சொட்டு ரத்தம் வைத்து, காயவைத்து அனுப்புவார்கள். அட்டையில் அம்மா பெயர், கட்டில் எண், தொலைபேசி எண். இவள் அந்தச் சொட்டிலிருந்து ஒரு மிளகு அளவுக்கு வெட்டியெடுத்து இயந்திரத்தில் வைப்பாள். இத்தனை வருஷமும் பார்த்தது தைராய்டு ஒன்றைத்தான். போன மூன்று மாதமாக இரண்டாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு, ஆய்வகத்தில் எல்லோரும் "உப்பு டெஸ்ட்" என்பார்கள்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போட்டதுபோல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது சரியாக வேலை செய்யாது. செய்யாவிட்டால் உடம்பில் உப்பு நிற்காது. ஆண் குழந்தை என்றால் பிறந்தபோது வெளியே ஒன்றுமே தெரியாது, ராஜா மாதிரி இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் பால் கக்க ஆரம்பிக்கும். வயிறு சரியில்லை என்று அதற்கு மருந்து, இதற்கு மருந்து என்று அலைவதற்குள் கை மீறிப்போகும். வைத்தியம் என்னவென்று கேட்டால் வயிறு எரியும்: பொடித்துக் கொடுக்க ஒரு சின்ன மாத்திரை, கூட ஒரு சிட்டிகை உப்பு. தினமும் கொடுத்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், பந்து விளையாடும், அம்மாவை எதிர்த்துப் பேசும்.

மூன்று மாதமும் சோதனை ஓட்டம். முடிவு நன்றாக இருந்தால் வெளியூர்களில் உள்ள பதினெட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் இது போகும். தீர்மானிக்கும் கூட்டம் வருகிற திங்கட்கிழமை. இதுவரை சோதித்த குழந்தைகள் ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு. அகப்பட்டது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றும் வெள்ளிக்கிழமை காலையில் கையை விட்டுப் போனது.

"நேத்து அந்தக் குழந்தைய கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்தோம்ல? ஒன்பது. சுத்தமா நார்மல்" என்றார் ஆய்வக டாக்டர். நல்ல மனுஷர். ஆனால் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டால் வெளியே எடுக்கமாட்டார். "பொய் எச்சரிக்கைன்னு எழுதி மூடிடுங்கம்மா."

"முப்பது தாண்டினாலே கவலைப்படணும். கார்டுல இருநூத்தி பத்து வந்துது சார்."

"மெஷின் உளறியிருக்கும்."

"ஒரு தடவை உளறும். மூணு தடவை ஒரே மாதிரியா உளறும்? மீதி சொட்டுலேருந்தும் வெட்டிப் போட்டேன். இருநூத்தி பத்து, இருநூத்தி ஆறு, இருநூத்தி பதினஞ்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"மருந்து ஒண்ணும் குடுக்காம அஞ்சு நாள்ல இருநூறு ஒன்பதாகாது. கார்டுல இருக்கற ரத்தம் அந்தக் குழந்தையோடது இல்ல. வேற யாரோ ஒரு குழந்தையோடது. பிறந்து இன்னைக்கு எட்டு நாள். அந்தக் குழந்தைக்கு நாம நார்மல்னு மெசேஜ் அனுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்."

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பாருங்கம்மா, பொய் எச்சரிக்கைன்னா எல்லா டெஸ்ட்லயும் வர்றதுதான், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. கார்டு மாறிப்போச்சுன்னு திங்கட்கிழமை போய் நின்னோம்னா, 'ஒரு ஆஸ்பத்திரியிலயே ஒழுங்கா நடத்தத் தெரியல, உங்களுக்குப் பதினெட்டு கேக்குதா'ன்னு மூஞ்சியில அடிச்சு அனுப்பிடுவாங்க. உங்க மூணு மாச உழைப்பு. அதையும் யோசிங்க."

யோசிக்காமலா இருப்பாள்? அந்தச் சோதனையைக் கொண்டுவர அவள் எத்தனை படி ஏறி இறங்கினாள் என்பது அவள் முழங்காலுக்குத் தெரியும். ஆனால் இப்போது மனசில் பதினெட்டு ஆஸ்பத்திரி இல்லை. எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை பால் கக்கிக்கொண்டிருக்கிறது, எந்த வீடு என்று தெரியவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். படியிறங்கும்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். "இன்னைக்கு சாப்பாட்டை நீங்களே பாத்துக்கோங்க, பொண்ணுக்கு டியூஷன் இருக்கு, மறந்துடாதீங்க."

"உடும்பு பிடிச்சிருச்சா?" என்று கேட்டார் கணவர்.

"பிடிக்கத்தான் போறேன்" என்று வைத்துவிட்டாள்.

முதலில் போனது அட்டையில் பெயர் இருந்தவளின் வீட்டுக்கு. அவள் தையற்காரி. ஒரே அறை, பாதி இடத்தைத் தையல் இயந்திரமே பிடித்துக்கொண்டிருந்தது. வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவில் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. இவளைப் பார்த்ததும் தையற்காரி பதறி எழுந்தாள்.

"மறுபடியுமா அக்கா? நேத்து நார்மல்னு சொன்னாங்களே! ராத்திரிதான் கொஞ்சம் கண்ணை மூடினேன்."

"உன் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கான். உக்காரு. ஆஸ்பத்திரியில நீ இருந்த மூணு நாளும் நடந்ததை ஒண்ணு விடாம சொல்லு. ரத்தம் எடுத்தப்ப நீ எங்க இருந்த?"

"கட்டில்லதான்."

"ஏழாம் கட்டில்தானே?"

தையற்காரி உதட்டைக் கடித்தாள். பிறகு திருடியதை ஒப்புக்கொள்கிறவள்போல் குரலைத் தாழ்த்தினாள். "பேருக்கு ஏழு. படுத்தது பதினொண்ணு. சிஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க, அந்தம்மா கொன்னே போடும்."

உடும்பு நெருங்கி உட்கார்ந்தாள். "சொல்லு."

"பதினொண்ணுல ஒரு பொண்ணு. அதுக்கும் எனக்கும் ஒரே நாள் பிரசவம், அதுக்கும் பையன். அதுக்கு ஆபரேஷன். ஜன்னலோரக் கட்டில், காத்து வரும், எல்லாம் சரி. ஆனா பாத்ரூம் மறு கோடியில! வயித்தைப் பிடிச்சிக்கிட்டு ஒவ்வொரு அடியா அது நடந்ததைப் பாத்தா கல்லும் கரையும். என் கட்டில் பாத்ரூம் பக்கத்துல. 'நான் நல்லாத்தானே நடக்கறேன், நீ இங்க வந்துடு'ன்னு சொன்னேன். பைய மாத்தினோம், பிள்ளைய மாத்தினோம்... ஐயோ, பிள்ளைய மாத்தலக்கா! அவங்கவங்க பிள்ளைய அவங்கவங்க தூக்கிட்டுப் போனோம்."

"புரியுது. கட்டில்ல தொங்கின பலகையை?"

"அதை நாம தொடலாமா? அது ஆஸ்பத்திரி சாமான் ஆச்சே. அதுக்கு குடுக்க வேண்டிய மாத்திரையைக் கூட என்கிட்டதான் நீட்டினாங்க. நான் வாங்கி அதுகிட்ட குடுத்துட்டேன்." சொல்லிவிட்டுப் பெருமையாகப் பார்த்தவளுக்கு மெல்ல முகம் மாறியது. "அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா?"

"நீ நல்லதுதான் பண்ணின. தப்பு பண்ணினது நாங்க" என்று சொல்லி எழுந்தாள் உடும்பு. குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று குத்திய இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது.

பிரசவ ஆஸ்பத்திரியில் மூன்று வார்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய சிஸ்டர். இருபத்தெட்டு வருஷ அனுபவம், இஸ்திரி கலையாத உடுப்பு. அவர் நடந்துவந்தால் குழந்தைகள்கூட அழுகையைத் தள்ளிப்போடும் என்பார்கள். ஆய்வகத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். சொட்டு சரியில்லை, சரியாகக் காயவில்லை என்று இவள் அட்டையைத் திருப்பி அனுப்புவதும், அவர் போனில் பொரிந்து தள்ளுவதும் வாடிக்கை.

"கார்டு எப்படி எழுதறீங்க சிஸ்டர்?"

"எப்படியா? இருபத்தெட்டு வருஷமா ஒரு எழுத்துப் பிழை வந்திருக்கா சொல்லு! காலைல ஆறு மணிக்கு ரிஜிஸ்டரை வெச்சு, கட்டில் வரிசையா, என் கையால எழுதி, பலகையில மாட்டிடுவேன். பத்து மணிக்கு நர்ஸுங்க வரிசையா குத்திக்கிட்டே போவாங்க. பன்னிரண்டு குழந்தை, இருபது நிமிஷம்."

"குத்தும்போது பேரைக் கேப்பாங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? பலகையில இருக்கு."

"குழந்தை கால் பட்டையில அம்மா பேர் இருக்குமே?"

"குதிகாலைப் பிடிக்க அது இடைஞ்சல்மா. முழங்கால் வரைக்கும் மேல தள்ளிட்டுத்தான்..." சிஸ்டர் நடுவிலேயே நிறுத்தினார். முட்டாளாக இருந்தால் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியிருக்க முடியாது. "யாரு கட்டில் மாத்தினது?"

"ஏழும் பதினொண்ணும். ஆபரேஷன் ஆன பொண்ணு பாத்ரூம் தூரம்னு கஷ்டப்பட்டா. ஏழுல இருந்தவளுக்கு மனசு கேக்கல."

பெரிய சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்த உடும்பு, சண்டைக்கு எடுத்துவைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டாள்.

"பதினொண்ணோட போன் நம்பர் இருக்கு" என்றார் சிஸ்டர் கடைசியில். "கூப்பிடு."

கூப்பிட்டாள். எடுத்தது அந்தப் பெண்ணின் நாத்தனார். பின்னால் ஏதோ அச்சு இயந்திரம் தடதடத்தது.

"அம்மா, பரிசோதனை ஆய்வகத்துலேருந்து பேசறேன். உங்க வீட்டுக் குழந்தைய உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரணும்."

"எதுக்கு? நார்மல்னு மெசேஜ் வந்துடுச்சே."

"அது வந்து... அதுல ஒரு சின்ன..."

"இங்க பாருங்க, நேத்துகூட ஒருத்தன் போன் பண்ணி பரிசு விழுந்திருக்குன்னான். எங்களைப் பாத்தா இளிச்சவாயின்னு எழுதி ஒட்டியிருக்கா? எந்த டானிக்கை விக்கப் பாக்கறீங்க?" போன் அறுந்தது. மறுபடி போட்டால் மணியே அடிக்கவில்லை. எண்ணையே தடுத்துவிட்டாள் புண்ணியவதி.

"விலாசமும் ரிஜிஸ்டர்ல இருக்கு, வா" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார் பெரிய சிஸ்டர்.

அவர் வார்டு நடத்துகிற அழகு வேறு, ஸ்கூட்டர் ஓட்டுகிற அழகு வேறு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நூல் கோப்பதுபோல் நுழைந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவர் இடுப்பைப் பிடித்த பிடியில் ஆய்வகம் வைத்த பெயருக்கு நியாயம் செய்தாள். "பிடியைக் கொஞ்சம் தளர்த்துடி, எனக்கு மூச்சு முட்டுது!" என்று கத்திக்கொண்டே சிஸ்டர் சந்துக்குள் திரும்பினார். "டி" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

கீழே அச்சகம், மேலே குடித்தனம். இரும்புப் படி. கதவைத் திறந்தவள் நாத்தனார்தான். இடுப்பில் கை, முகத்தில் கடுகு வெடித்தது. "போன்ல பேசினது நீங்கதானா? வீடு வரைக்கும் வந்துட்டீங்களா?"

உள்ளே சுவரோரமாக அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுதான் இருக்கும். மடியில் குழந்தை. தோளில் போட்டிருந்த துண்டு முழுக்கக் கக்கிய பால்.

"எப்பலேருந்து கக்கறான்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"முந்தாநேத்துலேருந்து. முதல்ல கொஞ்சமா... இப்ப குடிக்கறதையே விட்டுட்டான். ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு அண்ணிகிட்ட கேட்டேன்..."

"கேட்டா! இவதான் எதுக்கெடுத்தாலும் பயப்படுவா" என்றாள் நாத்தனார். ஆனால் குரலில் முதல் வேகம் இல்லை. போனை எடுத்து நீட்டினாள். "நான் என்ன படிக்காதவளா? இதோ பாருங்க, நீங்களே அனுப்பினது. 'உங்கள் குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு இயல்பாக உள்ளது. கவலை வேண்டாம்.' கவலை வேண்டாம்னு கவர்மெண்டே சொல்லுது. பச்சப்பிள்ளைன்னா கக்கத்தானே செய்யும்னு நான்தான் இவளைத் தேத்தி உக்கார வெச்சேன்."

உடும்பு அந்த வரியைப் பார்த்தாள். அவள் எழுதிய வரிதான் அது. "கவலை வேண்டாம்" என்பதைச் சேர்த்ததும் அவளே. அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று பாசமாகச் சேர்த்தது. அந்த இரண்டு வார்த்தை இரண்டு நாளாக இந்த வீட்டுக் கதவைத் தாழ் போட்டு வைத்திருக்கிறது.

சிஸ்டர் அதற்குள் குழந்தையை வாங்கியிருந்தார். உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு மடிப்பாகவே நின்றது. அழுகை என்று பெயருக்கு ஒரு முனகல். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள் உடும்பு. "அந்த மெசேஜை அனுப்பினது நான். அது தப்பு. உங்க பிள்ளையோட ரத்தம் வேற பேர்ல போயிடுச்சு. உங்களுக்கு வந்தது வேற பிள்ளையோட முடிவு. உங்க பிள்ளை உடம்புல உப்பு நிக்கல. மருந்து இருக்கு, நல்லா பண்ணிடலாம். ஆனா இப்பவே கிளம்பணும். என்னை அப்புறமா எவ்வளவு வேணா திட்டுங்க, கேட்டுக்கறேன்."

நாத்தனார் இவளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் பாய்ந்து, இரும்புப் படியின் மேலிருந்து கீழே அச்சகத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், இயந்திரமே நின்றுபோனது.

"ஏய்! அந்த வேனை எடுங்கய்யா! பேப்பர் கட்டையெல்லாம் கீழ தள்ளு! எங்க பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு இந்தத் தெருவுல ஒருத்தன் நிம்மதியா இருக்க முடியாது, சொல்லிட்டேன்!"

இரண்டு நிமிஷத்தில் வேன் காலியானது. போகிற வழியிலேயே உடும்பு குழந்தைகள் வார்டு டாக்டரைப் போனில் பிடித்தாள். அளவு இருநூற்றுப் பத்து, வயசு எட்டு நாள், வாந்தி இரண்டு நாள், வந்துகொண்டே இருக்கிறோம் என்று நான்கே வரியில் சொன்னாள். இறங்கியபோது அவர் ஊசியோடு வாசலிலேயே நின்றார். குழந்தையின் ரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அட்டை இல்லாமல் வந்திருந்தால் வயிற்றுக் கிருமி என்றுதான் ஆரம்பித்திருப்பேன் என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். உப்புநீர் சொட்டுச் சொட்டாக ஏற, வெளியே பெஞ்சில் நாத்தனாரும் பெரிய சிஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் உடும்பு எட்டிப் பார்த்தபோது பிள்ளை வார்டே அதிரும்படி அழுதுகொண்டிருந்தான். பசி. அந்த அம்மா அவனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "தொண்டையைப் பாருங்களேன், அப்படியே அத்தை மாதிரி" என்றாள். அத்தைக்காரி முறைத்தாள், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

"அந்த மெசேஜை அழிச்சிடவா?" என்று நாத்தனார் கேட்டாள். "பாக்கப் பாக்க எரியுது."

"வேண்டாம், எனக்கு அனுப்புங்க. எனக்கு அது வேணும்."

திங்கட்கிழமை. நீள மேசை, நடுவில் இயக்குநர். கோப்பின் முதல் பக்கத்தில் "பொய் எச்சரிக்கை: ஒன்று" என்று தட்டச்சாகிவிட்டிருந்தது, அது வெள்ளிக்கிழமைக் காலையில் போன தாள். ஆய்வக டாக்டர் தொண்டையைக் கனைத்தார். எப்படியும் பூசி மெழுகப் போகிறார் என்று நினைத்து உடும்பு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். டாக்டரோ, "அந்தத் தாள் சரியில்லீங்க. என்ன நடந்ததுன்னு எங்க டெக்னீஷியன் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். மனுஷரைத் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு ஒரு கணம் வெட்கமாகப் போனது.

சொன்னாள். கட்டில், பலகை, கால் பட்டை, மெசேஜ், ஒன்று விடாமல். போனைத் திருப்பி இயக்குநர் முன்னால் வைத்தாள். "இதை அனுப்பினது நான் சார். இதை நம்பித்தான் அந்தக் குழந்தைய ரெண்டு நாள் வீட்டுல வெச்சிருந்தாங்க."

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். "உங்க தப்பை நீங்களே கொண்டுவந்து மேசையில வெக்கறீங்க. இதுக்கப்புறம் நான் பதினெட்டு ஆஸ்பத்திரி குடுப்பேன்னு நெனைக்கறீங்களா?"

"குடுக்கணும் சார். டெஸ்ட் சரியாத்தான் சொல்லிச்சு. அது சொன்னதாலதான் அந்தப் பையன் இன்னைக்கு உயிரோட இருக்கான். அந்தப் பதினெட்டு ஊர்லயும் இப்படிப் பிள்ளைங்க பிறக்கத்தான் செய்யுது, என்ன ஆச்சுன்னே தெரியாம போயிடுது. பலகையைப் பாத்து எழுதறதை நிறுத்திட்டோம். இனிமே கால் பட்டையைப் படிச்சு, அம்மாகிட்ட பேரைக் கேட்டு, குத்தின கையோட அங்கயே எழுதறோம். பன்னிரண்டு குழந்தைக்கு நாப்பது நிமிஷம் ஆகுது. ஆகட்டும்."

"சரி" என்றார் இயக்குநர். பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடவில்லை. "ஒரு கேள்வி. இந்த மூணு மாசத்துல எத்தனை பேரு கட்டில் மாத்தினாங்க?"

யாரும் எதிர்பார்க்காத கேள்வி. அவள் மட்டும் அதை வெள்ளிக்கிழமையிலிருந்து மனசுக்குள் அடக்கி அடக்கி வைத்திருந்தாள்.

"தெரியாது சார்."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. ஒருத்தருக்குக் குத்தின மறுநாள் கட்டில் மாறியிருந்தா, அதே குழந்தையை ரெண்டாவது தடவை குத்திட்டு இன்னொண்ணை விட்டிருப்பீங்க. அப்புறம் போடறேன்."

"ஆயிரத்து நூத்தி அறுபத்து நாலு அம்மாக்கள். பத்து நாள் குடுங்க. ரெண்டு போன் குடுங்க" என்றாள் அவள். இயக்குநர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

அன்று மத்தியானமே ஆரம்பித்தாள். முதலில் மெசேஜைத் திருத்தினாள். "கவலை வேண்டாம்" போனது. "குழந்தை பால் குடிக்காவிட்டாலோ, தொடர்ந்து கக்கினாலோ, இந்த முடிவு எப்படி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று போட்டாள். நீளம் ஜாஸ்தி என்றார் கணினிக்காரர். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

இரண்டாவது போனுக்கு யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய சிஸ்டர் வந்தார். விடுப்பு போட்டுவிட்டாராம். கையில் மூன்று வார்டின் ரிஜிஸ்டர்கள். உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"ஒண்ணு சொல்லணும்டி. உன் உப்பு டெஸ்ட் மூணு மாசம். தைராய்டு கார்டையும் இப்படிப் பலகையைப் பாத்துத்தான் எழுதினேன். அது பதினாறு வருஷம்."

உடும்பு அவரைப் பார்த்தாள். சமாதானமாக ஏதாவது சொல்லலாம். சொன்னால் அது இன்னொரு "கவலை வேண்டாம்" ஆகிவிடும். "தெரியும் சிஸ்டர். முதல்ல இந்த மூணு மாசம். முடிச்சிட்டுப் பின்னால போவோம். எந்த வருஷம் வரைக்கும் ரிஜிஸ்டர் இருக்கோ, அந்த வருஷம் வரைக்கும்."

சிஸ்டர் தலையாட்டிவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.

முதல் அம்மா கட்டில் மாற்றவில்லை. இரண்டாவது போன் எடுக்கவில்லை, பக்கத்தில் குறித்துக்கொண்டாள். மூன்றாவது அம்மா, நாங்கள் எதற்கு மாற்றுகிறோம், அங்கே என்ன மெத்தையா போட்டிருந்தீர்கள் என்று சண்டைக்கு வந்தாள். நான்காவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது.

"வணக்கம்மா. ஆய்வகத்துலேருந்து பேசறேன். பிரசவத்துக்கு வந்தப்ப உங்க கட்டில் நம்பர் அஞ்சு. அதுலயேதான் கடைசி வரைக்கும் இருந்தீங்களா?"

"இல்லீங்களே" என்றாள் அவள். "பக்கத்துல இருந்த அக்காவுக்கு வெளிச்சம் கண்ணுல அடிச்சுது. நாங்க மாத்திக்கிட்டோம். ஏங்க?"

உடும்பு பேனாவின் மூடியைக் கழற்றினாள். எதிர்ப்பக்கம் சிஸ்டரின் கை ரிஜிஸ்டர் மேல் அப்படியே நின்றது.

"இப்ப குழந்தை என்னம்மா பண்றான்?"

"சிரிக்கறான்ங்க. மூணு நாளாத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கான்."

"சரிம்மா. தூக்கிட்டு வாங்க, இன்னைக்கே வாங்க. அந்த அக்காவையும் அவங்க குழந்தையோட கூட்டிட்டு வாங்க. நான் வாசல்லயே நிக்கறேன்."